முறை வைத்து மூச்சு

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது அந்தத் தெருவுக்குப் பழகிப்போன சங்கதி. ஒரே ரொட்டிக் கடை, ஒரே அடுப்பு, ஒரே வீடு. அண்ணன் மாவு பிசைவார். தம்பி தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுவான். நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. ஆனால் பேச்சு மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

"ஈஸ்ட் தீரப்போகுதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி."

"நாளைக்கு வந்துரும்னு அவன்கிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் என்ன தந்தி ஆபீஸா நடத்துறேன்?" என்பாள் அவள். அலுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் சொல்லியும் விடுவாள். தம்பிக்கு அவள் அண்ணி. அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அண்ணனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தம்பி சின்னவன்.

சின்னவன் ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பான். அந்தச் சமயத்தில்தான் துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இவன் குடிக்கிறான் என்பது எப்படியோ பெண் வீட்டுக்குத் தெரிந்து கல்யாணம் நின்றுபோனது. சொன்னது மாஸ்டர்தான் என்று சின்னவனுக்குத் தெரியவந்த அன்றோடு பேச்சும் நின்றது. அதன் பிறகு ஒருநாள் அவனாகவே குடியை விட்டான். கோபத்தை விடவில்லை. வேறு பெண்ணையும் பார்க்க விடவில்லை.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. அடுப்படியில் நிற்கவே முடியவில்லை. மாஸ்டர் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, அது பொங்கி வரும்வரை பின்பக்கக் கிடங்கில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் காலிச் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். கிடங்கில் மாவு மூட்டை இருந்ததால் எலி வந்தது. எலி வரும் இடத்துக்கு மற்றதும் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

விடியும் நேரத்தில் சின்னவன் அடுப்பு பற்றவைக்க வந்தபோது மாஸ்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இமை இரண்டும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. ஓர் அடி எடுத்து வைத்தார், கால் தள்ளாடியது.

சின்னவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் எட்டிப்பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் தண்ணி போட்டிருக்காரு. வந்து பாருங்க கூத்தை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மனுஷன்."

அண்ணி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடி வந்தாள். மாஸ்டர் வாயில் வாடை எதுவும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலி... கண்ணு தொறக்க..." என்றார். மீதி வரவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. விழுங்க முடியவில்லை என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

சின்னவன் கிடங்குக்குள் போய்ச் சாக்கை உதறினான். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு ஒன்று நழுவி மூட்டைகளுக்கு அடியில் போனது. கட்டுவிரியன். அவன் அதை அடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. வெளியே ஓடிவந்து, அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அண்ணனைத் தொட்டுத் தூக்கி, கடைகளுக்கு ரொட்டி போடப் போகும் வண்டியில் காலித் தட்டுகளைத் தெருவில் எறிந்துவிட்டுப் படுக்கவைத்தான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மாஸ்டருக்கு மூச்சு மேலோட்டமாகிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். மூச்சு விட வைக்கும் இயந்திரம் எதுவும் அப்போது காலியாக இல்லை. குழாயின் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி, அதை எப்படி அமுக்குவது என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தாள்.

"அமுக்குங்க, விடுங்க. நீங்க எப்படி மூச்சு விடுறீங்களோ அந்த வேகம். நிறுத்தக்கூடாது."

"எதுவரைக்கும்?" என்று கேட்டாள் அண்ணி.

"மிஷின் கிடைக்கிறவரைக்கும்."

"கிடைக்கலன்னா?"

நர்ஸ் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே நான்கு பேர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படித் தொடங்கியது. கொஞ்ச நேரம் அண்ணி, கொஞ்ச நேரம் சின்னவன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அண்ணியின் கை சீக்கிரம் மரத்துப்போகும். கட்டைவிரல் அடியில் தோல் கன்றிச் சிவந்தது. சின்னவனுடைய கை பெரியது; சூட்டுத் தழும்பு ஏறிய கை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி அமுக்குவான். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் காய்ந்துபோன புல்லும் தெரிந்தன. வார்டுக்குள் பினாயில் நாற்றமும் வியர்வை நாற்றமும் கலந்து கிடந்தன.

மருந்து ஏறி முடிந்தும் மாஸ்டரிடம் ஓர் அசைவும் இல்லை. இமையைத் தூக்கினால் விழி அப்படியே நின்றது. டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளும் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

"மருந்து வேலை செய்யலையா டாக்டர்?" என்றாள் அண்ணி.

"செஞ்சிருக்கு. ரத்தத்துல சுத்திக்கிட்டிருந்த விஷத்தைப் பிடிச்சிருச்சு. ஆனா நீங்க வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் விஷம் போய் உக்காந்துருச்சு. அதை மருந்தால ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்க போய் உக்காந்துச்சு? மூளையிலயா?"

"இல்லம்மா. மூளைக்குள்ள இந்த விஷம் போகல." டாக்டரம்மா தன் கையை நீட்டி, முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். "மூளை 'கையை மடக்கு'ன்னு சொன்னா அந்த உத்தரவு நரம்பு வழியா வரும். ஆனா நரம்பு தசையைத் தொடாது. நடுவுல மயிரிழையை விட ரொம்பச் சின்ன இடைவெளி இருக்கு. நரம்போட முனையில ரொம்பச் சின்னச் சின்னப் பைங்க இருக்கும். அதுக்குள்ள ஒரு திரவம். உத்தரவு வந்ததும் பை திறந்து அந்தத் திரவம் இந்தப் பக்கம் வந்து தசையைத் தொடும். அப்பதான் கை மடங்கும். மூச்சு விடுறதும் அப்படித்தான், இமை தூக்குறதும் அப்படித்தான்."

"சரி."

"இந்தப் பாம்போட விஷம் அந்த முனையில போய் உக்காரும். இருக்கிற திரவத்தையெல்லாம் கொட்ட வச்சிரும். அப்புறம் முனையையே சிதைச்சிரும். மூளை சொல்லிக்கிட்டேதான் இருக்கும். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்காது."

சின்னவன் பையை அமுக்கிக்கொண்டே கேட்டான். "அப்ப இவரு இனிமே இப்படியேதானா?"

"இல்ல. முனை திரும்ப வளரும். உடம்பே வளர்த்துக்கும். வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் மூச்சு நிக்காம பார்த்துக்கணும். அவ்வளவுதான் வைத்தியம்."

அண்ணிக்கு ஒன்று மட்டும் உறைத்தது. "மூளை முழிச்சுத்தான் இருக்குன்னா... இப்ப நாம பேசுறது?"

"கேக்கும். பயப்படாம இருக்க லேசா மருந்து கொடுத்திருக்கோம். மத்தபடி கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார். பேசுங்க. பேச்சுக் குரல் கேட்டா அவருக்குத் தெம்பா இருக்கும்."

டாக்டரம்மா போனதும் அண்ணி கணவனின் காதருகே குனிந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் பேசுகிறவள். "மகளுக்குச் சொல்லியாச்சு. கைக்குழந்தையைத் தூக்கிட்டு இந்த வெயில்ல வராதேன்னுட்டேன்" என்றாள். "கடையை மூடிட்டேன். மாவு புளிச்சுப்போச்சு, கொட்டிட்டேன்" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சின்னவனைப் பார்த்தாள்.

"நீயும் ஏதாவது பேசேன்ப்பா."

"நான் என்ன பேசுறது."

"இப்பவுமா? டாக்டர் சொன்னாங்கல்ல?"

"கேக்கும்னுதானே சொன்னாங்க? சரி, கேக்கட்டும்." சின்னவனின் குரல் திடீரென்று உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். ஆனால் கை நிற்கவில்லை. "எனக்குன்னு ஒருத்தி வரப்போறான்னு சட்டை தைக்கக் கொடுத்துட்டு வந்தேன். தையல்காரன்தான் சொன்னான், கல்யாணம் நின்னுருச்சாமேன்னு. ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. கூடப் பொறந்தவரு செய்ற வேலையா இது? குடிச்சேன். ஆமா, குடிச்சேன். ரெண்டு அறை விட்டிருக்கலாம். வீட்டை விட்டுத் துரத்தியிருக்கலாம். அவங்க வீட்ல போய் எதுக்குச் சொல்லணும்? அவ இப்ப ரெண்டு பிள்ளையோட கடைக்கு வர்றா, அண்ணி. நீங்கதான் பன்னு எடுத்துக் கொடுக்குறீங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிக்குறேன்."

அவன் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அண்ணி கேட்டதே இல்லை.

மாஸ்டர் அசையாமல் கிடந்தார். வலது கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கியது. கண் காய்ந்துவிடக் கூடாதென்று நர்ஸ் போட்ட சொட்டு மருந்தாகவும் இருக்கலாம். சின்னவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான்.

நாட்கள் நகர்ந்தன. கடையை ஒரேயடியாக மூடிப்போட முடியவில்லை. அண்ணி காலையில் போய், வேலைக்காரர்களை வைத்துக் கொஞ்சம் ரொட்டி போட்டுவிட்டு வருவாள். அந்த நேரமெல்லாம் சின்னவன் ஒருவனே அமுக்குவான். கஞ்சி குடிக்க இடது கை, பை அமுக்க வலது கை. தாடி வளர்ந்துவிட்டது. உட்கார்ந்தபடி கண் சொருகும், தலை தொங்கும், திடுக்கிட்டு நிமிர்ந்து மறுபடி அமுக்குவான். பேச்சு எரிச்சலாகிவிட்டது. அண்ணி வரத் தாமதமானால் வள்ளென்று விழுவான். அவளும் சும்மா இருக்கமாட்டாள். பிறகு இரண்டு பேரும் சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள்.

மாஸ்டரின் தாய்மாமா வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். எல்லோருக்கும் லாரி மாமா. வந்தவர் மருமகனின் இமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் கை வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"நான் ரோட்டுல எத்தனையோ பார்த்திருக்கேம்மா. இது முடிஞ்சுபோன கண்ணு. நீங்க காத்தடிக்கிறதால நெஞ்சு ஏறி இறங்குது. டயருக்கு அடிச்சாலும்தான் உப்பும்."

"மாமா, மெதுவாப் பேசுங்க. அவருக்குக் கேக்கும்."

"கேக்கும்னு யாரு சொன்னா, அந்தப் பொண்ணா? படிச்சுட்டு நேத்து வந்தவ. ஆறுதலுக்குச் சொல்லியிருப்பா. எத்தனை நாளைக்கு இப்படி ஆள் மாத்தி ஆள் சாவீங்க? வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம். அவன் வீட்ல, அவன் கட்டில்ல போகட்டும்."

அண்ணியின் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து எரிந்தது. வீடு, கட்டில் என்ற வார்த்தைகளைக் கேட்டதும் படுத்துத் தூங்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"அதெல்லாம் எங்கயும் கொண்டுபோக வேண்டாம்" என்றான் சின்னவன், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று மத்தியானம் அண்ணி கடையிலிருந்து பிளாஸ்கில் டீயும் நனைத்துத் தின்ன ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். வார்டே வெயிலில் கிறங்கிக் கிடந்தது. மின்விசிறி ஒப்புக்குச் சுற்றியது. சின்னவன் கட்டிலின் விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான். கை பையின் மேல்தான் இருந்தது. ஆனால் பை அசையவில்லை.

கணவனின் உதட்டைப் பார்த்தாள். நீலம்.

பிளாஸ்க் எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. சின்னவனைத் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கி அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே கத்தினாள். நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டரம்மா ஓடிவந்தாள். ஊசி போட்டார்கள், நாடி பார்த்தார்கள். உதடு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. சின்னவன் தரையில் விழுந்த இடத்திலேயே எழுந்து நின்று, என்ன நடந்தது என்று புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்தபோது சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"தூங்கிட்டேன் அண்ணி."

அவள் பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் பையை வாங்கிக்கொண்டதும் லாரி மாமா அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் லாரி ஓட்டியவர் தாழ்த்திய குரல் வார்டுக்குள் கேட்டது.

"அவனுக்கு இவன்மேல எத்தனை வருஷத்துப் பகைன்னு உனக்குத் தெரியும். கை தானா நின்னுச்சா, நிறுத்தினானான்னு யாரு கண்டா? நான் தப்பாச் சொல்லல. யோசிச்சுக்கோ."

'அவன் அப்படிப்பட்டவன் இல்ல மாமா' என்று சொல்லத்தான் அவள் வாய் திறந்தாள். சொல்லவில்லை. அன்று அவன் இரைந்து கொட்டியதெல்லாம் காதில் நின்றது. திரும்பியபோது சின்னவன் கதவருகே நின்றிருந்தான். அவள் சொல்லாமல் விட்டதையும் அவன் கேட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவள் கடைக்குப் போகவில்லை. அவன் முறையின்போதும் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அண்ணனின் மார்பைப் பார்த்தபடி அமுக்கினான்.

பக்கத்துக் கட்டில் காலியானது. அங்கே கிடந்த பெரியவரைப் போர்த்திக்கொண்டு போனார்கள். அவருடைய மகள் செருப்பைக்கூட மறந்துவிட்டு அழுதுகொண்டே பின்னால் போனாள். அவருக்கு மாட்டியிருந்த இயந்திரத்தைத் துடைத்து மாஸ்டருக்கு மாட்டினார்கள். நன்றாயிற்று என்று நினைக்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இயந்திரம் சீராக மூச்சு விடத் தொடங்கியது. சின்னவனின் வலது கை மடியில் கிடந்தபடியே மூடுவதும் திறப்பதுமாக வெகுநேரம் இருந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

அவன் கடைக்குப் போய்விட்டான். அதிகாலையில் மாவையும் அவனே பிசைந்து, அடுப்பையும் அவனே பார்த்து, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து வார்டு வாசலில் நின்றுவிட்டுப் போவான். உள்ளே வரமாட்டான். அண்ணியும் வா என்று கூப்பிடவில்லை.

முதலில் அசைந்தது கால் கட்டைவிரல். டாக்டரம்மா, "கேக்குதுன்னா கட்டைவிரலை ஆட்டுங்க" என்றாள். அது லேசாக மடங்கியது. "உங்க சம்சாரம் இங்க இருக்காங்கன்னா ரெண்டு தடவை" என்றாள். இரண்டு தடவை மடங்கியது. அண்ணி அந்தக் காலைக் கட்டிக்கொண்டு, வார்டில் எல்லோரும் பார்க்க அழுதாள். லாரி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். போனவர் சாயங்காலம்வரை திரும்பவில்லை.

அப்புறம் கைவிரல்கள். அப்புறம் புருவம். அப்புறம் இமை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒருநாள் குழாயை எடுத்தார்கள். மாஸ்டர் தன் மூச்சைத் தானே விட்டார். ஒவ்வொரு மூச்சையும் யோசித்து யோசித்து விடுகிற மாதிரி இருந்தது. குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

"அவன் எங்க?"

"வாசல்ல நிப்பான்."

"வரச் சொல்லு."

சின்னவன் வந்தான். சட்டையெல்லாம் மாவு. கட்டிலுக்கு எட்டி நின்றான். மாஸ்டர் அவனை நேராகப் பார்த்தார். ஒரு இமை இன்னும் முழுசாக ஏறவில்லை.

"அந்தப் பொண்ணு..." என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் அவங்க வீட்டுக்குப் போகல. அவதான் கடைக்கு வந்தா. நீ அன்னைக்கு மயங்கிக் கெடந்தே. 'உங்க தம்பி குடிப்பாரா, எங்கப்பா குடிச்சே செத்தாரு, பொய் சொல்லாதீங்க'ன்னு கேட்டா. என்னால பொய் சொல்ல முடியல."

சின்னவன் ஓர் அடி கட்டில் பக்கம் வந்தான். "அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"அவளே வந்து கேட்டான்னு சொன்னா நீ இன்னும் உடைஞ்சுபோவேன்னு நெனச்சேன். எம்மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அண்ணி தண்ணீரை ஸ்பூனில் எடுத்து அவர் வாயில் விட்டாள். அவர் கவனமாக விழுங்கினார்.

"அன்னைக்கு..." என்று சின்னவன் ஆரம்பித்தான். தரையைப் பார்த்தான். "அன்னைக்கு மத்தியானம் நான்..."

"குறட்டை விட்டே" என்றார் மாஸ்டர்.

இரண்டு பேரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என் காது பக்கத்துலதான் உன் தலை. நீ அமுக்குறது மெதுவாச்சு. மெதுவாகி நின்னுச்சு. அப்புறம் குறட்டை. டேய் டேய்னு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? உள்ளேயே கூப்பிட்டேன். ஒரு சத்தம் வரல."

"பயந்துட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"பயம் இல்லாம இருக்குமா? செத்தேன்னுதான் நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா கோவம் வரல. இத்தனை நாளா அவன் தூங்கவே இல்லைன்னு எனக்குத் தெரியும். அமுக்கிக்கிட்டே இருந்தானே, ஒவ்வொரு அமுக்கையும் எண்ணாம என்ன பண்ணுவேன் நான்? மாமா பேசுனதும் கேட்டுச்சு. உன்கிட்ட சொல்லத்தான் வாய் எப்ப வரும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அதை அவர் சொன்னது மனைவியைப் பார்த்து. அண்ணி ஸ்பூனைக் கீழே வைத்தாள். சின்னவன் பக்கம் திரும்ப அவளுக்கு முகம் இல்லை. இருந்தும் திரும்பினாள்.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்ப்பா."

"தெரியும் அண்ணி." அவன் குரல் தளர்ந்திருந்தது. "நானே என்னைச் சந்தேகப்பட்டேன். நெசமாவே தூங்கினேனா, இல்ல வேணும்னே விட்டேனான்னு. எத்தனை யோசிச்சாலும் எனக்கு ஞாபகம் வரல."

"தூங்கித்தான் போனே" என்றார் மாஸ்டர். "நான் சாட்சி."

சின்னவன் தலையை ஆட்டினான். சுவரோரம் இருந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினான். பிறகு மெல்லச் சாய்ந்து, கால்களை மடக்கி, கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டான். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். காவல்காரர் வந்து, எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்றார். அண்ணி எழுந்து போய் அவரிடம் ஏதோ கெஞ்சிப் பேசினாள். அவர் பெஞ்சில் கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.